துறைமுகம் இல்லாத இடத்தில் நின்ற கப்பல்

கோணேஸ்வரிக்கு என்ன வேலை என்று எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ் ஆட்கள் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால், "கப்பல் பாக்கிறது அன்ரி" என்பாள். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் தனியே இருந்துகொண்டு, ஏரிக்கரைப் பக்கம்கூடப் போகாத ஒருத்தி கப்பல் பார்க்கிறாளாம் என்று கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று நாங்கள் சிரித்ததுண்டு. அவள் சொன்னது முழு உண்மை என்பது எனக்குத் தெரியவந்தபோது சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதையும் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. துவாய் மடிக்கும்போது கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் என்று சொன்னவற்றைத்தான் நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கடலில் போகிற பெரிய கப்பல்களில் ஒரு கருவி பூட்டியிருக்கும். தன் இலக்கம் என்ன, எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை அது வானலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் அன்ரனா வைத்திருப்பவர்கள் அதைப் பிடிக்கலாம். கிங் ஸ்ரீற்றில் இருந்த ஒரு சின்னக் கொம்பனி, பல நாட்டுக் கரைகளில் பிடித்ததை வாங்கி, கப்பல் காப்புறுதிக்காரர்களுக்காக ஆராய்ந்து கொடுத்தது. ஒரு கப்பல் நாள் முழுக்கச் சொன்ன இடங்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால் அது போன பாதை வரும். ஒரே மாதிரிப் பாதைகளை ஒன்றாகச் சேர்த்துக் குழுக் குழுவாகப் பிரிக்க அங்கே ஒரு புரோகிராம் இருந்தது. அதை எழுதியவன் பிரவீண், கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயது ஆகவில்லை. புரோகிராம் பிரித்ததைக் கண்ணால் பார்த்து, இது நேரே போகிற சரக்குக் கப்பல், இது மீன்பிடி, இது துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்து நிற்பது என்று பெயர் போடுவது கோணேஸ்வரியின் வேலை. எந்தக் குழுவிலும் அடங்காத பாதைகளையும் புரோகிராம் ஒரு பக்கத்தில் ஒதுக்கி வைக்கும். பிரவீண் அதைக் "குப்பை" என்பான்.

அவள் திருகோணமலையில் பிறந்தவள். தகப்பன் இராஜரட்ணம் அங்கே துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். கணிதம் படித்து, கொஞ்சக் காலம் படிப்பித்து, 1996 இல் கலியாணம் பேசி இங்கே வந்தாள். அந்தக் கலியாணம் இரண்டு வருடத்தில் முறிந்தது. பிறகு ஒரு பெட்டி ஒட்டுகிற ஃபக்ரறி, பின்னேர வகுப்பில் வரைபடத் தரவுப் படிப்பு, அதிலிருந்து இந்த வேலை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு அக்கா.

கமலாம்பிகை ரீச்சர் அவளுக்கு நாலு வயது மூத்தவள். முல்லைத்தீவில் படிப்பிக்கப் போன இடத்தில் பஸ்ரியன் என்ற கத்தோலிக்க வாத்தியாரை விரும்பிக் கட்டினாள். தகப்பன் அதோடு அவளைத் தலைமுழுகினார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஒரு கடிதம் போனது. தகப்பன் சொல்லச் சொல்ல அதை எழுதியது கோணேஸ்வரியின் கை. பிறகு சமாதான காலத்தில் ரெலிபோன் வேலை செய்யத் தொடங்கியபோது அக்காவும் தங்கையும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் பேசினார்கள். சுகம், மழை, விலைவாசி, அவ்வளவுதான். பஸ்ரியனைப் பற்றி இவள் கேட்பதில்லை, அவள் சொல்வதுமில்லை. 2008 கடைசியில் அந்தப் பேச்சும் நின்றது. வன்னியில் சனம் கிழக்கே கடற்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

பெப்ரவரி நடுவில் ஒரு நாள், இந்து சமுத்திரப் பக்கத்துக் குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பாதை அவள் கண்ணில் பட்டது. திருகோணமலையில் காலையில் வெளிக்கிட்டு, கரையை ஒட்டி நேரே வடக்கே போய், துறைமுகமே இல்லாத ஒரு கடற்கரைக்கு முன்னால் பல மணித்தியாலம் நின்று, அதே வழியால் திரும்பி வந்திருந்தது. வடக்கு முனையில் புள்ளிகள் ஐதாக இருந்தன, அன்ரனாவுக்குத் தூரம் கூட. சில நாட்களில் கோடு பாதியில் அறுந்து, திரும்பி வரும்போதுதான் மறுபடி தொடங்கும். புரோகிராமுக்கு அது விளங்கவில்லை. துறைமுகமில்லாத இடத்தில் ஒரு கப்பலுக்கு என்ன வேலை?

கோணேஸ்வரிக்கு விளங்கியது. வன்னிக் கரையில் காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற கப்பல் அது. முதல் நாள் செய்தியில் கேட்டிருந்தாள்.

"கதிரையை விட்டு எழும்பீற்றன் அன்ரி," என்று என்னிடம் சொன்னாள். "எழும்பி எங்க போறதெண்டு தெரியேல்லை. திரும்ப இருந்திட்டன்."

அடுத்த நாளிலிருந்து காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகத் தொடங்கினாள். இங்கே ஆறரை என்றால் அங்கே பின்னேரம் நாலு, ஐந்து. கப்பல் திரும்பி வருகிற நேரம். கோடு தெற்கே திரும்பினால், ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்த்து எத்தனை மணிக்குத் துறைமுகத்துக்குள் வரும் என்று கணக்கிடுவாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் வேரோனிக்காவுக்கு அடிப்பாள். வேரோனிக்கா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையில் நின்றாள். இருபது வருடமாகப் பேசாத சிநேகிதியைக் கோணேஸ்வரி எப்படியோ நம்பர் தேடிப் பிடித்திருந்தாள்.

"வேரோனிக்கா, இன்னும் ஒரு மணித்தியாலத்தில வந்திடும்."

"உனக்கெப்பிடியடி தெரியும்? இஞ்ச எங்களுக்கே தெரியாது."

"தெரியும். போய்க் கேக்கிறியோ?"

"உள்ள விடமாட்டாங்கள். வாசலிலயும் வாட்டிலயும் ஆமி நிக்குது. வேலை செய்யிற பெட்டையளிட்டப் பேர் சொல்லித்தான் கேக்கலாம். முழுப்பேர் என்ன சொன்னனீ?"

"இராஜரட்ணம் கமலாம்பிகை."

அன்றைக்கும் இல்லை. அதற்கு அடுத்த தடவையும் இல்லை. மார்ச் நடுவரை வேரோனிக்கா ஒவ்வொரு தரமும் கேட்டாள், ஒவ்வொரு தரமும் அந்தப் பெயரில் ஆள் இல்லை. பிறகு ஒரு நாள் கப்பல் திருகோணமலைக்கு வராமல் நடுவழியில் புல்மோட்டைக்கு முன்னால் நின்றது. அடுத்த நாளும் அங்கேதான் நின்றது. காயக்காரரை இனி அங்கேதான் இறக்குகிறார்களாம்.

"அங்க என்னால போகேலாது கோணேசு," என்றாள் வேரோனிக்கா. "கோவிக்காதை."

கோபம் என்ன வரப்போகிறது. அதற்குப் பிறகு அடிப்பதற்கு அவளுக்கு ஒரு நம்பரும் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வசந்தத்தில் ரொறன்ரோத் தமிழ்ச்சனம் முழுக்க றோட்டில் நின்றது. யூனிவேசிற்றி அவென்யூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் இரவு பகலாக ஆட்கள். அவளுடைய ஒஃபிசுக்கு மேளச்சத்தம் கேட்கும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவளும் போனாள். தடுப்புக் கம்பிக்கு ஓரமாக நின்றாள். தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண், "அக்கா எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"திருகோணமலை."

"அங்க இப்ப பிரச்சினை இல்லைத்தானே."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு அக்கா அந்தக் கரையில் இருக்கிறாள் என்று சொல்லக் கோணேஸ்வரி வாய் திறந்தாள். அக்காவுக்கு நான் என்ன கடிதம் எழுதினேன் என்பதும் கூடவே வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டாள். தண்ணீரை வாங்கிக்கொண்டு ஒஃபிசுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு போகவில்லை. நான் அங்கே நாலு முறை போயிருக்கிறேன். என் பக்கத்துக் கதவுக்காரியை என்னோடு வா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

மே ஒன்பதாம் திகதி கப்பல் போனது, நின்றது, வந்தது. அதற்குப் பிறகு போன பயணங்கள் வேறு மாதிரி இருந்தன. கோடு கரைக்கு நேரே வரும். ஆனால் முன்பு நின்ற இடத்துக்குப் போகாது. வெளியே, மூன்று கிலோமீற்றர் தள்ளி, மெதுவாகச் சுற்றும். பின்னேரம் வெறுமனே திரும்பும். அடுத்த நாளும் அப்படியே. கிட்டப் போக முடியாத அளவுக்குக் கரையில் செல்குண்டு விழுகிறது என்பது அந்த வட்டங்களைப் பார்க்கவே அவளுக்குத் தெரிந்தது.

இந்த முறை புரோகிராம் அந்தப் பாதைகளைக் குப்பையில் போடவில்லை. அதற்கு இப்போது விளங்கிவிட்டது. மெதுவாக ஒரே இடத்தில் சுற்றுகிற கப்பல் என்றால் துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்து நிற்பது. சிங்கப்பூர், கொழும்பு, சென்னை வாசல்களில் நிற்கிற ஆயிரம் கப்பல்களோடு அதையும் சேர்த்துவிட்டது.

கோணேஸ்வரி கையால் அதை வெளியே எடுத்தாள். அடுத்த நாள் புரோகிராம் ஓடும்போது மறுபடி கொண்டுபோய் அங்கேயே போட்டது. திரும்ப எடுத்தாள். மூன்றாம் நாள் பிரவீண் அவளுடைய மேசைக்கு வந்தான்.

"மேடம், இந்த ஒரு கப்பலை மட்டும் நீங்க மாத்திட்டே இருக்கீங்க. வெயிட்டிங் குரூப்லதானே கரெக்டா உக்காருது? ஷேப் அப்படியே மேட்ச் ஆகுது."

"இது வெயிட்டிங் இல்லை, பிரவீண்."

"பின்ன என்ன?"

"இதுக்குத் தனியா ஒரு குழு வேணும்."

"ஒரே ஒரு கப்பலுக்கா? குறைஞ்சது அஞ்சு டிராக்காவது வேணுமே மேடம்."

"இருபத்தைஞ்சுக்கு மேல இருக்கு. பெப்ரவரியில இருந்து எடுத்து வைச்சிருக்கிறன்."

அவன் சிரிக்கத் தொடங்கியவன் அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். அவள் திரையில் கையை வைத்துக் காட்டினாள். இது திருகோணமலை, என்ரை ஊர். இது புல்மோட்டை. இந்த இடத்தில் துறைமுகம் இல்லை, மணல்தான். இந்த மணலில் என்ரை அக்கா இருக்கிறா. இருக்கிறாவோ தெரியாது.

"ஊர்ல அம்மா டிவி பாத்துட்டு ஃபோன்ல அழுவாங்க," என்றான் பிரவீண். "நான் அப்புறம் பேசறேன்னு வச்சிடுவேன். மூணு மாசமா எனக்கு ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருக்கீங்க."

அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகமுன் புரோகிராமை மாற்றினான். அந்தக் கப்பலின் பாதைகள் தனிக் குழுவாயின, இலக்கம் முப்பத்தொன்று. என்ன பெயர் போடலாம் என்று கேட்டான். இலக்கமே போதும் என்றாள். போகும்போது, பெப்ரவரியிலிருந்து அந்தக் கப்பல் போய் வந்த நாளும் நேரமும் நின்ற இடமும் முழுக்கக் கடதாசியில் அடித்து அவளுடைய மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஏழு பக்கம்.

அதற்குப் பிறகு கப்பல் வடக்கே போகவேயில்லை. மே பதினெட்டில் சண்டை முடிந்துவிட்டதென்று உலகம் முழுக்கச் சொன்னது. அவள் அன்றைக்கும் ஆறு மணிக்குப் போனாளாம். வேறு கடல்களில் மீன்பிடிக் கப்பல்களுக்குப் பெயர் போட்டாளாம்.

ஜூனில் வேரோனிக்காவிடமிருந்து ஒரு அழைப்பு. மருந்துக்கடையில் நிற்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

"கோணேசு, உன்ரை அக்கா கட்டினது வேதக்காரரையெல்லோ? கோயில்லயோ கலியாணம் நடந்தது?"

"ஓம். சேர்ச்சிலதான்."

"அப்ப ஞானஸ்நானம் எடுத்திருப்பா. அந்தப் பேர் என்ன?"

கோணேஸ்வரிக்குத் தெரியாது. பதினேழு வருடமாகச் சொந்த அக்காவுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

வேரோனிக்கா ஒரு கிழமையில் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக் கொப்பியில் இருந்தது: மேரி கமலா பஸ்ரியன், வயது நாற்பத்தெட்டு, இடது கால். மார்ச் முதல் கிழமைக் கப்பலில் வந்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் அந்த வாட்டில் கிடந்திருக்கிறாள். வேரோனிக்கா வாசலில் நின்று வேறொரு பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஒன்பது நாள். பிறகு வவுனியாவுக்கு ஏற்றி, அங்கிருந்து முகாமுக்கு.

"அதுக்குப் பிறகு வந்த கப்பல் எல்லாத்தையும் நான் ஆருக்காகப் பாத்தனான் அன்ரி?" என்று என்னிடம் கேட்டாள். நான் கையில் இருந்த துவாயை மடித்தேன்.

ஓகஸ்டில், முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த ஒரு கைபேசியில் பத்து நிமிடம் கிடைத்தது.

"அக்கா."

"ஆர்?"

"நான் கோணேசு."

மறுபக்கத்தில் நிறையப் பேர் கதைக்கிற இரைச்சல். பிறகு அக்காவின் குரல், "சாப்பிட்டியோ?" என்றது. கோணேஸ்வரி அழுதாள். அக்கா அழவில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் அப்படிப் போனது.

"வேரோனிக்கா சொன்னா, கப்பல் வாறது போறது எல்லாம் உனக்குத் தெரியுமாம்."

"ஓம் அக்கா. கொம்பியூட்டரில தெரியும்."

"நாங்கள் பதினொரு நாள் மணலில கிடந்தம். எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

கோணேஸ்வரி அந்த ஏழு பக்கத்தையும் கிட்ட இழுத்தாள்.

"சரி, சொல்லு. நான் ஏறின பிறகு அது திரும்பப் போனதோ?"

"போனது. கன தரம் போனது."

"கடைசியா எப்ப?"

அப்போதுதான் விளங்கியது. பஸ்ரியனுக்குக் காயம் இல்லை. காயக்காரியோடு துணைக்கு ஏற அவரை விடவில்லை. அடுத்ததில் வாறன் என்று சொல்லிவிட்டுக் கரையில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு கப்பலிலும் வருவார் என்று அக்கா கட்டிலில் கிடந்து பார்த்திருக்கிறாள். வரவில்லை. அந்தக் கப்பல் உண்மையிலேயே போனதா, கிட்டப் போனதா, ஏன் வரவில்லை என்று அவளுக்குச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை, ரொறன்ரோவில் இருக்கிற தங்கையைத் தவிர.

கோணேஸ்வரி அந்த ஏழு பக்கத்தில் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தாள்.

"மே ஒன்பது வந்து ஏத்தினது. அதுக்குப் பிறகு ஏத்தேல்லை. பதினோராந் திகதி காலமை ஆறு நாற்பதுக்கு வெளிக்கிட்டது. பத்தரைக்குக் கரைக்கு நேர வந்தது. மூண்டு கிலோமீற்றர் தள்ளி நிண்டது. பின்னேரம் நாலு இருபது வரைக்கும் நிண்டிட்டுத் திரும்பினது. பன்னிரண்டாந் திகதியும் அப்பிடித்தான். ஒன்பதே முக்காலுக்கு வந்து மூண்டு மணி மட்டும்."

"மூண்டு கிலோமீற்றர் எண்டாக் கரையில நிண்டு பாத்தாத் தெரியும்."

"ஓம் அக்கா."

"அவர் பாத்திருப்பார்."

லைன் அறுந்தது. அடுத்த முறை கிடைத்தபோதும் அக்கா அதையேதான் கேட்டாள். அதற்கு அடுத்த முறையும். மூன்று தரம் அதே பக்கத்தை, அதே மணி நேரங்களை, இவள் வாசித்தாள். நாலாம் தரம் அக்கா கேட்கவில்லை. பஸ்ரியனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"அவ என்னை ஏசேல்லை அன்ரி," என்று சொன்னாள். "ஒருக்கால் ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அடுத்த வருடம் அக்காவை முகாமிலிருந்து விட்டார்கள். வேரோனிக்கா தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை ஒழுங்குபண்ணிக் கொடுத்தாள். பொய்க்கால் பூட்டிக்கொண்டு அக்கா கணக்கும் தமிழும் வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கினாள். கோணேஸ்வரி அவளைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் படிவங்களை விசாரித்து, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். அக்கா வேண்டாம் என்றாள். "அவர் வந்தா இஞ்சதானே தேடுவார்."

2012 இல் கோணேஸ்வரி மூன்று கிழமை லீவு எடுத்து அங்கே போனாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு. நான்தான் அவளுடைய கீரைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அங்கே வீடு நிறையப் பிள்ளைகளாம். காலையும் பின்னேரமும் வகுப்பு. றோட்டில் போனால் எல்லாரும் "மேரி ரீச்சர்" என்று நின்று கதைப்பார்களாம். மத்தியானம் வேரோனிக்கா வந்துவிடுவாள், இரண்டு பேரும் நாளாந்தம் சேர்ந்து சமைப்பது பழக்கமாம். இவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுப்பார்களாம். ஒரு நாள் வெங்காயம் உரிக்கப் போனவளிடம், "நீ இரு, களைச்சு வந்திருக்கிறாய்" என்று அக்கா கத்தியை வாங்கினாளாம். அது அவள் போய்ப் பதினைந்தாவது நாள்.

ஒரு பின்னேரம் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அக்காவுக்கு மணலில் நடக்கக் கஷ்டம், கல்லில் இருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இவள் கனடாவிலிருந்தே எண்ணிக்கொண்டு போனவள். சொன்னாள்.

"அது அப்பாவின்ரை கடிதமெல்லோ," என்றாள் அக்கா. "உன்ரை எழுத்தெண்டு அப்பவே தெரியும். நல்ல வடிவான எழுத்து." பிறகு கேட்டாள், "அங்க சனி ஞாயிறிலை நீ என்ன செய்யிறனீ?"

உடுப்புத் தோய்ப்பேன் என்றாள் கோணேஸ்வரி. கடைக்குப் போவேன் என்றாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கால் போன, புருசனைக் காணாத அக்கா தன்னைப் பாவம் பார்க்கிறாள் என்று இவளுக்கு விளங்கியது.

திரும்பி வந்தபோது பிரவீண் வேறு கொம்பனிக்குப் போயிருந்தான். நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு போய்விட்டான். புதிதாக வந்தவர்கள் புரோகிராமையே மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். வந்த இரண்டாம் நாள் அவள் எனக்குத் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் பைக்கற்றோடு கதவைத் தட்டினாள்.

"அக்கா எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கிறா அன்ரி. அவவுக்கு அங்க நிறைய ஆக்கள்."

"உள்ளுக்கு வாவன், தேத்தண்ணி போடுறன்."

அவள் வாசலில் நின்று யோசித்தாள். வேலை இருக்கிறது, நாளைக்கு வேளைக்கு எழும்ப வேண்டும் என்று சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நான் தேத்தண்ணீர் போட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் நின்றாள். இருந்து குடித்தாள். அதிகம் கதைக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.